‘எதிர்பார்ப்பைத் தாண்டிய லாபம்’னு சொல்றாங்களே, அது யாரோட எதிர்பார்ப்பு?

ரிசல்ட் சீசன் வந்துட்டா நம்ம போன் சும்மா இருக்காது. "லாபம் எதிர்பார்ப்பைத் தாண்டியது", "வருவாய் எதிர்பார்ப்பைவிடக் குறைவு" என்று வரிசையாக நோட்டிஃபிகேஷன் வந்து விழும். ஒரு ஷேர் காலையிலேயே 5 சதவீதம் ஏறியிருக்கும். இன்னொன்று லாபம் காட்டியும் 6 சதவீதம் இறங்கியிருக்கும். கேன்டீன்ல டீ குடிக்கும்போது பக்கத்து சீட் ஆள், "ரிசல்ட் செம்மயா இருக்காம், கொஞ்சம் எடுத்துப் போடலாமா?"ன்னு கேட்பார்.

எடுக்கலாமா வேண்டாமாங்கறதை அப்புறம் பார்ப்போம். அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. அந்த ‘எதிர்பார்ப்பு’ யாருடையது? நீங்க எதையும் எதிர்பார்க்கலை, நானும் எதிர்பார்க்கலை. அப்போ அந்த நம்பர் எங்கிருந்து வந்தது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன். அந்த எதிர்பார்ப்பு, கம்பெனியின் இன்வெஸ்டர் ரிலேஷன்ஸ் ஆட்களும் அனலிஸ்ட்களும் மூன்று மாதம் பேசிப் பேசி உருவான ஒரு நம்பர். அந்தப் பேச்சில் நீங்க இல்லை. அதனால் ரிசல்ட் வந்த அன்னைக்கு அந்த நம்பரை வைத்து வாங்கி விற்பது, கடைசி பெஞ்ச்ல உட்கார்ந்து முதல் மார்க் வாங்கப் பார்ப்பது மாதிரி. ஆனால் அந்தப் பேச்சின் முக்கியமான பகுதி இப்போது எழுத்து வடிவத்தில், இலவசமாக, எல்லோருக்கும் கிடைக்கிறது. அதை நாம்தான் படிப்பதில்லை.

அந்த நம்பர் எப்படிப் பிறக்கிறது?

மூன்று தரப்பைத் தெரிஞ்சுக்கணும்.

முதல் தரப்பு, புரோக்கிங் நிறுவனத்தில் வேலை செய்யும் அனலிஸ்ட். இவரை செல்-சைடு என்பார்கள். பத்துப் பதினைந்து கம்பெனிகளைத் தொடர்ந்து பார்ப்பார். ஒவ்வொன்றுக்கும் எக்செல்லில் ஒரு மாடல் வைத்திருப்பார். அடுத்த காலாண்டில் வருவாய் இவ்வளவு, லாபம் இவ்வளவு என்று அதிலிருந்து ஒரு எஸ்டிமேட் போடுவார். இப்படிப் பலர் போட்ட எஸ்டிமேட்களின் சராசரிதான் செய்தியில் வரும் ‘எதிர்பார்ப்பு’.

இரண்டாவது தரப்பு, ஃபண்ட் மேனேஜர். மியூச்சுவல் ஃபண்ட், இன்சூரன்ஸ் கம்பெனி, வெளிநாட்டு ஃபண்ட் என்று பெரிய பணத்தை நிர்வகிப்பவர். இவர்களை பை-சைடு என்பார்கள். மாசம் பொறந்தா உங்க அக்கவுண்ட்ல இருந்து எஸ்ஐபி போகுதே, அந்தப் பணத்தை வைத்துத்தான் இவர் அந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறார்.

மூன்றாவது தரப்பு, கம்பெனியின் இன்வெஸ்டர் ரிலேஷன்ஸ் டீம். சுருக்கமாக ஐஆர். பெரிய கம்பெனிகளில் இதற்குத் தனி டீம் இருக்கும். சின்ன கம்பெனிகள் வெளியே ஒரு ஏஜென்சியிடம் கொடுத்துவிடும். சிஎஃப்ஓவுக்கும் மார்க்கெட்டுக்கும் நடுவில் நிற்கும் ஆள் இவர்.

ஐஆர் வேலை பார்ப்பவர்களை நான் வில்லனாகக் காட்ட வரலை. அவர்கள் செய்வதில் பெரும்பகுதி தேவையான வேலை. "போன வருஷம் செக்மென்ட்டை மாத்திட்டீங்களே, பழைய கணக்கோட எப்படி ஒப்பிடறது?", "புது பிளான்ட் எப்போ ஓட ஆரம்பிக்கும்?", "இந்த 80 கோடி எக்ஸெப்ஷனல் ஐட்டம் என்ன?" என்று கேட்பவருக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஒரு அனலிஸ்ட் மாடலில் வரி விகிதத்தைத் தப்பாகப் போட்டிருந்தால், கம்பெனி ஏற்கெனவே வெளியிட்ட ஆவணத்தைக் காட்டித் திருத்தலாம். தப்பில்லை.

அவருடைய இன்னொரு வேலையில்தான் சிக்கல். மார்க்கெட்டுக்கு அதிர்ச்சி வராமல் பார்த்துக்கொள்வது. மார்க்கெட் 100 எதிர்பார்த்து கம்பெனி 95 கொடுத்தால் ஷேர் அடி வாங்கும். மார்க்கெட் 93 எதிர்பார்த்து அதே 95 வந்தால் ஷேர் ஏறும். கம்பெனி சம்பாதித்தது இரண்டு இடத்திலும் 95தான். தொழிலில் ஒரு ரூபாய் கூடவில்லை, எதிர்பார்ப்பு மட்டும் இறங்கியிருக்கிறது. அப்படியானால் எதிர்பார்ப்பை முன்கூட்டியே 93க்கு இறக்கிவிட ஆசை வருமா வராதா?

ஏடி அண்ட் டி கதை

அந்த ஆசை என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவில் பதிவான ஒரு வழக்கு இருக்கிறது.

ஏடி அண்ட் டி, உலகின் பெரிய தொலைத்தொடர்பு கம்பெனிகளில் ஒன்று. 2016ஆம் ஆண்டின் முதல் காலாண்டில் அவர்களுடைய ஸ்மார்ட்போன் விற்பனை எதிர்பார்த்ததைவிட அதிகமாகச் சரிந்தது. மார்ச் மாதத்திலேயே உள்ளே இருப்பவர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அப்படியே விட்டால், தொடர்ந்து மூன்றாவது காலாண்டாக வருவாய் மார்க்கெட் எதிர்பார்ப்பைவிடக் குறைவாக வரும்.

இந்த நிலைமையில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: விஷயத்தை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அறிவிப்பது. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு அக்டோபரில் இருந்தே ‘ரெகுலேஷன் எஃப்டி’ என்று ஒரு விதி இருக்கிறது. விலையைப் பாதிக்கும் முக்கியத் தகவலைக் குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் சொல்லக் கூடாது, சொன்னால் ஊருக்கே சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம்.

அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையமான எஸ்இசி சொன்ன குற்றச்சாட்டு இது: கம்பெனியின் மூன்று ஐஆர் அதிகாரிகள் சுமார் 20 நிறுவனங்களின் அனலிஸ்ட்களைத் தனித்தனியாக போனில் கூப்பிட்டார்கள். கம்பெனிக்கு உள்ளே மட்டும் தெரிந்த விற்பனை விவரங்களைப் பகிர்ந்தார்கள். அனலிஸ்ட்கள் தங்கள் எஸ்டிமேட்களைக் குறைத்தார்கள். சராசரி எதிர்பார்ப்பு, கம்பெனி பிறகு அறிவித்த வருவாய்க்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. ஏப்ரல் 26ஆம் தேதி ரிசல்ட் வந்தபோது கம்பெனி எதிர்பார்ப்பைத் தாண்டியிருந்தது.

எஸ்இசி 2021 மார்ச்சில் வழக்குத் தொடர்ந்தது. 2022 டிசம்பரில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும், 62.5 லட்சம் டாலர் அபராதம் கட்ட கம்பெனி சம்மதித்தது. இந்த விதியின் கீழ் அதுவரை வந்த அபராதங்களில் பெரியது அதுதான். மூன்று அதிகாரிகளுக்கும் ஆளுக்கு 25,000 டாலர்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. கணக்குப் புத்தகத்தில் யாரும் கை வைக்கவில்லை. ஒரு சிஏவாக ஆடிட் பண்ணப் போயிருந்தாலும் அந்த வருவாய் நம்பரில் எனக்கு எதுவும் சிக்கியிருக்காது. நம்பர் சரியாகவே இருந்தது. மாறியது, அந்த நம்பரை எதோடு ஒப்பிடுகிறோமோ அந்த அளவுகோல்தான். பரீட்சை எழுதின பிறகு பாஸ் மார்க்கைக் குறைத்தது மாதிரி. அன்று "எதிர்பார்ப்பைத் தாண்டியது" என்ற செய்தியைப் பார்த்து ஷேர் வாங்கின சாதாரண ஆளுக்கு இது எதுவும் தெரிந்திருக்க வழியே இல்லை.

நம்ம நாட்டில் விதி என்ன?

இந்தியாவில் செபியின் விதிகள் காகிதத்தில் கறாராகத்தான் இருக்கின்றன.

2015ஆம் ஆண்டின் இன்சைடர் டிரேடிங் தடை விதிகளின்படி, வெளியாகாத, விலையைப் பாதிக்கும் தகவலை முறையான காரணம் இல்லாமல் யாரிடமும் சொல்லக் கூடாது. ஒவ்வொரு லிஸ்டட் கம்பெனியும் ஒரு மூத்த அதிகாரியை ‘சீஃப் இன்வெஸ்டர் ரிலேஷன்ஸ் ஆபீசர்’ ஆக நியமிக்க வேண்டும். அனலிஸ்ட்களுக்குச் சொல்லும் விஷயத்தில் இந்த வகைத் தகவல் கலக்காமல் பார்ப்பதும் கம்பெனியின் கடமை.

இன்னொரு பெரிய மாற்றம் 2021இல் வந்தது. காலாண்டு ரிசல்ட்டுக்குப் பிறகு அனலிஸ்ட்களோடு நடக்கும் கான்காலின் ஒலிப்பதிவை 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வர்த்தக நாளுக்கு முன்பு, எது முதலில் வருகிறதோ அதற்குள், வெளியிட வேண்டும். பேசியதை எழுத்தாக்கிய டிரான்ஸ்கிரிப்ட் 5 வேலை நாட்களுக்குள் வர வேண்டும். முதலில் விருப்பம் இருந்தால் செய்யலாம் என்று வைத்து, 2022 ஏப்ரல் 1 முதல் கட்டாயமாக்கினார்கள். என் பார்வையில், சின்ன முதலீட்டாளருக்காக செபி செய்த நல்ல காரியங்களில் இதற்கு முன்வரிசையில் இடம் உண்டு. ஆனா இதைப் பத்தி ரீல்ஸ் போட்டா யாரும் பார்க்க மாட்டாங்க, அதனால யாரும் பேசுறதில்லை.

ஆனால் ஒரு கதவு இன்னும் திறந்தே இருக்கிறது. அனலிஸ்ட் சந்திப்பு நடப்பதை முன்கூட்டியே எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்ல வேண்டும் என்ற விதியில், ‘சந்திப்பு’ என்றால் குழுவாக நடப்பது மட்டும்தான். ஒரு ஃபண்ட் மேனேஜர் சிஎஃப்ஓவைத் தனியாகப் பார்த்து ஒரு மணி நேரம் பேசினால் அது அந்தக் கணக்கில் வராது. அந்த ஒரு மணி நேரத்திலும் ரகசியத் தகவலைச் சொல்லக் கூடாது என்ற சட்டம் பொருந்தும், சந்தேகமில்லை. ஆனால் சொன்னாரா இல்லையா என்று பார்க்க ஒலிப்பதிவு கிடையாது, டிரான்ஸ்கிரிப்ட் கிடையாது.

ரகசியத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. "உங்க எஸ்டிமேட்ல மார்ஜின் கொஞ்சம் தாராளமா இருக்கே" என்று ஒரு சிரிப்போடு சொன்னால் அனுபவமுள்ள அனலிஸ்டுக்குப் போதும். எதிர்க்கேள்வி கேட்டதும் வரும் ரெண்டு நொடி மௌனமும் அவருக்கு ஒரு பதில்தான்.

கசிவு நடந்தால் நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதையும் பார்த்துவிட்டோம். 2017இல் சில பெரிய கம்பெனிகளின் ரிசல்ட் நம்பர்கள், அறிவிப்புக்கு முன்பே வாட்ஸ்அப் குரூப்களில் சுற்றியதாகச் செய்தி வந்தது. செபி விசாரித்து சிலருக்கு அபராதம் போட்டது. மேல்முறையீட்டில் 2021 மார்ச்சில் எஸ்ஏடி தீர்ப்பாயம் அந்த உத்தரவுகளை ரத்து செய்தது. அந்த மெசேஜ் உள்ளிருந்து கசிந்த தகவலா, மார்க்கெட்டில் சாதாரணமாகப் புழங்கும் யூகமா என்று காட்ட முடியவில்லை என்பதுதான் மையக் காரணம்.

தனிச் சந்திப்பே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆயிரம் கோடி போடுகிறவர் மேனேஜ்மென்ட்டை நேரில் பார்க்க விரும்புவது நியாயம், அதில் நம்ம எஸ்ஐபி பணமும் இருக்கிறது. ஆனால் இந்தக் காலாண்டில் யாரை, என்றைக்கு, எத்தனை முறை தனியாகச் சந்தித்தோம் என்ற பட்டியலையாவது எல்லாக் கம்பெனிகளும் வெளியிட வேண்டும். சில கம்பெனிகள் தாங்களாகவே இதைச் செய்கின்றன. அவர்களால் முடிந்தால் மற்றவர்களாலும் முடியும். ரெஜிஸ்டர்ல பேர் எழுதணும்னு வெச்சாலே உள்ளே பேசற பேச்சுல ஒரு ஜாக்கிரதை வந்துடும்.

கான்காலில் பேசும் பாஷை

கான்கால் டிரான்ஸ்கிரிப்ட் ஒன்றைக்கூடத் திறந்ததே இல்லையென்றால், அதன் அமைப்பு இதுதான். முதலில் ஆபரேட்டர் எல்லோரையும் வரவேற்பார். ஐஆர் ஆள், "எதிர்காலம் பற்றி நாங்கள் சொல்வது நடக்காமலும் போகலாம்" என்ற சட்டப் பாதுகாப்பு வாசகத்தைப் படிப்பார். எம்டியோ சிஎஃப்ஓவோ 15, 20 நிமிஷம் தயாரித்து வைத்த உரையை வாசிப்பார். பிறகு கேள்வி நேரம். பல கால்களில் ஆளுக்கு இரண்டு கேள்விதான். இன்னும் வேண்டுமானால் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும்.

இந்தப் பேச்சுக்கென்று ஒரு பாஷை இருக்கிறது. கொஞ்சம் பழகிட்டா போதும்.

"கங்கிராஜுலேஷன்ஸ் ஆன் எ குட் செட் ஆஃப் நம்பர்ஸ்." இது வணக்கம் மாதிரி. அர்த்தம் தேட வேண்டாம். செல்-சைடு அனலிஸ்ட்டுக்கு மேனேஜ்மென்ட்டின் நட்பு தேவை. தன் வாடிக்கையாளரான ஃபண்ட் மேனேஜர்களுக்கு அந்த மேனேஜ்மென்ட்டைச் சந்திக்க ஏற்பாடு செய்வதும் அவர் வேலையில் ஒரு பகுதி. முறைத்துக்கொண்டால் கதவு சாத்தப்படலாம். கேள்வி எவ்வளவு காரமாக இருந்தாலும் மேலே சர்க்கரை தூவித்தான் வரும்.

"நாங்க கைடன்ஸ் தர்றதில்லை, ஆனா டைரக்ஷனலா பார்த்தா..." இந்த ‘ஆனா’வுக்குப் பிறகு வருவதுதான் கைடன்ஸ். நம்பர் மட்டும் இருக்காது.

"இது ஒன்-ஆஃப்." ஒரு முறை மட்டும் வந்த செலவு என்று அர்த்தம். நாலு காலாண்டாகத் தொடர்ந்து ஒரு முறை மட்டும் வந்தால், அது அந்தத் தொழிலின் வழக்கமான செலவு.

"செகண்ட் ஹாஃப் நல்லா இருக்கும்." போன வருஷம் இதே சமயத்தில் என்ன சொன்னார்கள் என்று பாருங்க.

"லெட் அஸ் டேக் இட் ஆஃப்லைன்." எனக்குப் பிடிக்காத வாக்கியம் இதுதான். கேட்ட அனலிஸ்ட்டுக்குத் தனியாகப் பதில் சொல்கிறோம் என்று பொருள். பல சமயம் அது ஏதோ ஒரு பழைய டேட்டா பாயின்ட்டாக, ஒன்றுமில்லாததாக இருக்கும். ஆனால் டிரான்ஸ்கிரிப்ட்டில் கேள்வி மட்டும் நிற்கும், பதில் நமக்கு வராது. அந்தப் பதிலும் பொதுவில் சொல்லக்கூடியது என்றால் அடுத்த காலில் முதல் ஐந்து நிமிஷத்தில் சொல்லிடலாமே?

கைடன்ஸை எப்படிப் பார்ப்பது: இன்ஃபோசிஸ் உதாரணம்

நம்ம வாசகர்களில் ஐடிக்காரங்க நிறைய. அதனால் எல்லோருக்கும் தெரிந்த ஓர் உதாரணம். டிசிஎஸ் வருட வளர்ச்சிக்கு நம்பர் போட்டு கைடன்ஸ் தருவதில்லை. இன்ஃபோசிஸ் தருகிறது. 2023-24 நிதியாண்டுக்கு, நாணய மாற்று ஏற்ற இறக்கத்தை நீக்கிய வருவாய் வளர்ச்சி என்று அவர்கள் சொன்ன வரிசை:

ஏப்ரல் 2023: 4 முதல் 7 சதவீதம்.
ஜூலை 2023: 1 முதல் 3.5 சதவீதம்.
அக்டோபர் 2023: 1 முதல் 2.5 சதவீதம்.
ஜனவரி 2024: 1.5 முதல் 2 சதவீதம்.
வருட முடிவில் உண்மையில் வந்தது: 1.4 சதவீதம்.

ஜூலையில் குறைத்த மறுநாள் ஷேர் சுமார் 8 சதவீதம் விழுந்தது.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. குறைத்த ஒவ்வொரு முறையும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பகிரங்கமாகச் சொன்னார்கள், அதுதான் சரியான முறை. நான் சொல்ல வருவது வேறு. எல்லாத் தகவலும் கையில் இருக்கிற, வாடிக்கையாளர்களோடு தினமும் பேசுகிற ஒரு மேனேஜ்மென்ட்டுக்கே தன் வருஷம் எப்படி முடியும் என்று ஏப்ரலில் தெரியவில்லை. நிதியாண்டு முடிய மூன்றே மாதம் இருக்கும்போது சொன்ன நம்பருக்கும் கடைசியில் கொஞ்சம் கீழேதான் வந்தது. அப்படியிருக்க, ஓர் அனலிஸ்ட் எக்செல்லில் போட்ட காலாண்டு எஸ்டிமேட்டை 2 சதவீதம் தாண்டியதைப் பெரிய வெற்றி என்றும், 2 சதவீதம் தவறியதைப் பெரிய தோல்வி என்றும் எடுத்துக்கொண்டு நம்ம போனஸ் பணத்தைப் போடுவதில் என்ன அர்த்தம்?

30 நிமிஷத்தில் ஒரு டிரான்ஸ்கிரிப்ட்

பிஎஸ்இ, என்எஸ்இ தளங்களில் கம்பெனி அறிவிப்புகளுக்குள் கிடைக்கும். கம்பெனியின் சொந்தத் தளத்தில் இன்வெஸ்டர்ஸ் என்ற பகுதியிலும் இருக்கும். ஸ்கிரீனர் மாதிரி தளங்களில் பழைய கான்கால்கள் வரிசையாக இருக்கும். நான் படிக்கும் முறை இது.

முதலில், எந்தத் தாளுக்கு எவ்வளவு எடை என்று தெரிஞ்சுக்கோங்க. கலர் கலராக வரும் இன்வெஸ்டர் பிரசென்டேஷனில் ஆடிட்டர் கையெழுத்துப் போடுவதில்லை. அதிலிருக்கும் ‘அட்ஜஸ்டட் எபிட்டா’ கம்பெனி தானே வரையறுத்தது. காலாண்டு ரிசல்ட்டுக்கு ஆடிட்டர் ‘லிமிடெட் ரிவ்யூ’ செய்வார், அது முழு ஆடிட் இல்லை. முழு ஆடிட் ஆகி வருவது வருடக் கணக்கு. நம்பிக்கை வைக்க வேண்டிய வரிசை இதற்குத் தலைகீழ்: முதலில் ஆண்டறிக்கை, பிறகு காலாண்டு ரிசல்ட், கடைசியில் பிரசென்டேஷன்.

டிரான்ஸ்கிரிப்ட்டில் ஆரம்ப உரையைத் தாண்டிவிட்டு கேள்வி நேரத்துக்குப் போங்க. உரை எழுதி வைத்துப் படிப்பது. கேள்வி நேரத்தில்தான் யோசித்துப் பேசுவார்கள்.

மூன்று பேர் ஒரே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்களா பாருங்க. அங்கேதான் கம்பெனியின் தலைவலி இருக்கிறது. முதல் பதில் அவர்களுக்குப் போதவில்லை என்றும் அர்த்தம்.

கேள்வி நம்பரில் வந்து, பதில் வர்ணனையில் போனால் பக்கத்தில் ஒரு கோடு போடுங்க. "வர வேண்டிய பாக்கி எத்தனை நாள்?" என்ற கேள்விக்கு "கலெக்ஷனில் தீவிர கவனம் செலுத்துகிறோம்" என்பது பதில் ஆகாது.

நாலு காலாண்டுக்கு முந்தைய டிரான்ஸ்கிரிப்ட்டையும் திறந்து வைங்க. அப்போ சொன்னது, இப்போ நடந்தது என்று ஒரு நோட்டில் ரெண்டு பத்தி போட்டு எழுதுங்க. அப்போது ஒவ்வொரு ஸ்லைடிலும் பெருமையாகக் காட்டிய ஓர் அளவு, உதாரணமாக ஆர்டர் புக், இப்போது காணாமல் போயிருந்தால் ஏன் என்று கேளுங்க. நல்லா இருக்கிற நம்பரை யாரும் ஒளிச்சு வைக்க மாட்டாங்க.

கடைசியாக, சிஏக்காரன் புத்தி, விட முடியாது. பேலன்ஸ் ஷீட்டும் கேஷ் ஃப்ளோவும் அரையாண்டுக்கு ஒரு முறை கட்டாயம் வெளிவரும். செப்டம்பர், மார்ச் ரிசல்ட்களோடு பார்க்கலாம். மேனேஜ்மென்ட் சொல்லும் லாபம், தொழிலில் இருந்து வந்த ரொக்கமாக மாறியிருக்கிறதா? லாபம் வருஷா வருஷம் ஏறுகிறது, ரொக்கம் மட்டும் வராமல் பாக்கியாகவே நிற்கிறது என்றால், எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் நான் தள்ளியே நிற்பேன்.

இதில் ஒரு சந்தோஷமான விஷயம் இருக்கிறது. ரிசல்ட் அன்னைக்கு ஆடும் ஆட்டத்தில் நீங்க வரிசையின் கடைசி ஆள். ஆனால் ஐந்து வருஷ ஆட்டத்தில், பல்லாயிரம் கோடி நிர்வகிக்கும் ஃபண்ட் மேனேஜர் கையில் இருக்கும் அதே 20 டிரான்ஸ்கிரிப்ட்கள் உங்க கையிலும் இருக்கு. காலாண்டுக்குக் காலாண்டு கசியும் சின்னச் சின்ன சைகைகளுக்கு அவ்வளவு நீண்ட காலத்தில் பெரிய மதிப்பு கிடையாது.

"இதுக்கெல்லாம் நேரம் இல்லை" என்றால், தப்பே இல்லை. இண்டெக்ஸ் ஃபண்டிலோ நல்ல மியூச்சுவல் ஃபண்டிலோ போட்டுவிட்டு உங்க வேலையைப் பாருங்க. மியூச்சுவல் ஃபண்ட் உங்ககிட்ட செலவு விகிதம்னு எடுக்கிற காசில், இந்தப் படிப்பை உங்களுக்குப் பதிலாகப் படிக்கிற கூலியும் அடங்கும். தனி ஷேர் வாங்குவேன், ஆனால் டிரான்ஸ்கிரிப்ட் படிக்க மாட்டேன் என்பதைத்தான் நான் ஒத்துக்க மாட்டேன்.

ஒரு கான்கால் கட்டாயம்: உங்க கம்பெனியோடது

நீங்க வேலை செய்யும் கம்பெனி லிஸ்டட் ஆக இருந்தால், அதன் டிரான்ஸ்கிரிப்ட்டில் இருந்தே ஆரம்பிங்க. டவுன்ஹாலில் உங்களிடம் சொல்வதையும் கான்காலில் அனலிஸ்ட்களிடம் சொல்வதையும் பக்கத்தில் வைத்துப் படிச்சுப் பாருங்க. யூட்டிலைசேஷன், ஆள்சேர்ப்பு, சம்பள உயர்வு எந்தக் காலாண்டில், இதெல்லாம் அங்கே மார்ஜின் கேள்விக்குப் பதிலாக வரும். இன்ஃபோசிஸில் அந்த வருஷம் தள்ளிப்போன சம்பள உயர்வு நவம்பர் 1 முதல் என்று தெரிய வந்ததும் அக்டோபர் ரிசல்ட் சமயத்தில்தான். இசாப்ஸ் வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். சம்பளமும் அங்கே, சொத்தும் அங்கே. படிக்காமல் இருப்பது ரிஸ்க்.

கூடவே ஓர் எச்சரிக்கை. அனலிஸ்ட்கள் தகவலுக்கு ஐஆர் ஆளை மட்டும் நம்புவதில்லை. டீலரிடம் கேட்பார்கள், சப்ளையரிடம் கேட்பார்கள், ஊழியர்களிடமும் கேட்பார்கள். "உங்கள் துறை பற்றி ஒரு மணி நேரம் பேசினால் கட்டணம் தருகிறோம்" என்று லிங்க்டுஇன்னில் மெசேஜ் வரலாம். துறை பற்றிப் பொதுவாகப் பேசுவது வேறு. இந்தக் காலாண்டில் எந்த வாடிக்கையாளர் கைவிட்டார், எந்த பிராஜெக்ட் நின்றது என்று சொல்வது வேறு. முதலில் உங்க வேலை ஒப்பந்தமே அதைத் தடுக்கும். அது வெளியாகாத, விலையைப் பாதிக்கும் தகவலாக இருந்தால் இன்சைடர் டிரேடிங் சட்டமும் பாயும். செபி சட்டத்தின் 15ஜி பிரிவில் குறைந்தபட்ச அபராதமே 10 லட்சம் ரூபாய். அதிகபட்சம் 25 கோடி அல்லது சம்பாதித்த லாபத்தின் 3 மடங்கு, எது அதிகமோ அது. காலேஜ் பிரெண்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்ல "இந்த குவார்ட்டர் எங்களுக்கு ஊத்திக்கும் போல"ன்னு போடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க. ஐஆர் ஆளுக்கு இருக்கும் கட்டுப்பாடு உங்களுக்கும் உண்டு.

அடுத்த முறை "எதிர்பார்ப்பைத் தாண்டியது" என்று நோட்டிஃபிகேஷன் வந்தால் ஸ்வைப் பண்ணித் தள்ளிடுங்க. ஐந்து நாள் பொறுத்து டிரான்ஸ்கிரிப்ட் வந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை காபியோடு உட்காருங்க. உங்க போர்ட்ஃபோலியோவில் இருக்கும் ஷேர்களில் ஒரே ஒரு கம்பெனி போதும். படிச்சு முடிச்ச பிறகும் அந்த ஷேரை வெச்சுக்கத் தோணுதான்னு பாருங்க.

(இந்தக் கட்டுரையில் வரும் கம்பெனிப் பெயர்கள் விளக்கத்துக்கு மட்டுமே. எதையும் வாங்கவோ விற்கவோ சொல்லவில்லை. முதலீட்டு முடிவுக்கு முன் செபியில் பதிவு பெற்ற ஆலோசகரிடம் பேசுங்கள். கான்கால் டிரான்ஸ்கிரிப்ட் ஒன்றைத் திரையில் வைத்து வரிவரியாகப் படிக்கும் வீடியோ வேண்டும் என்றால், எந்தக் கம்பெனியுடையது என்று சேனலில் சொல்லுங்க, செய்துடலாம்.)